வாலை மறந்த மனிதர்: அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ்

வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் வந்துவிடுகிறது. தலைப்பாகையும் தாடியுமாக ஒரு பெரியவர், கைகளில் கட்டிய இரண்டு பெரிய இறக்கைகள், பின்னால் ஒரு மலை. ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பத்து நிமிடம் வானில் பறந்த முஸ்லிம் விஞ்ஞானி என்று கீழே எழுதியிருக்கும். நாமும் மாஷா அல்லாஹ் என்று போட்டுவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். இறக்கையைக் கட்டிக்கொண்டால் பறந்துவிடலாம் என்றால் நாம் ஏன் பறப்பதில்லை என்று வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்டுவிட்டால் மட்டும் நம்மிடம் பதில் இருப்பதில்லை.

அந்தப் பெரியவர் கற்பனை அல்ல. அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்பது அவர் பெயர். அபுல் காசிம் என்றும் அழைக்கப்பட்டார். அவர் பறக்க முயன்றதும் உண்மை. ஆனால் பத்து நிமிடம் என்ற கணக்கு பழைய அரபு நூல்களில் இல்லை. குதிப்பதற்கு முன் கூட்டத்தைப் பார்த்து அவர் பேசியதாக இணையத்தில் சுற்றும் உருக்கமான உரையும் அவற்றில் இல்லை. அந்த நூல்களில் இருப்பது சில வரிகள்தான். அந்தச் சில வரிகளில் ஒரு பறவை எப்படிப் பறக்கிறது, அதைவிட முக்கியமாக எப்படித் தரையிறங்குகிறது என்ற பாடம் இருக்கிறது. படத்தை அனுப்பும் அவசரத்தில் நாம் தவறவிடுவது அதைத்தான்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், கி.பி. 810-ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய ஸ்பெயினின் தெற்கே உள்ள ரோந்தா பகுதியில் அவர் பிறந்தார். பெர்பர் வம்சாவளியைச் சேர்ந்தவர். ரோந்தா ஊரை இன்று போய்ப் பார்ப்பவர்கள் முதலில் திகைப்பது அதன் பள்ளத்தாக்கைக் கண்டுதான். நகரத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு நூறு மீட்டருக்கும் ஆழமாக இறங்குகிறது செங்குத்துப் பாறை. சுற்றியுள்ள மலைகளில் இன்றும் பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடுகின்றன. இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் மேலே மேலே ஏறிச் செல்லும் பறவைகள் அவை.

இளம் வயதிலேயே அவர் குர்துபாவுக்கு வந்துவிட்டார். உமைய்யா அமீர்களின் தலைநகரம் அது. முதலாம் ஹகம், இரண்டாம் அப்துர் ரஹ்மான், முதலாம் முஹம்மத் ஆகிய மூன்று அமீர்களின் காலத்தை அவர் கண்டார். பாக்தாதிலிருந்து நூல்களும் கலைஞர்களும் அறிஞர்களும் குர்துபாவை நோக்கி வந்துகொண்டிருந்த காலம். இசைக்கலைஞர் ஸிர்யாப் அரசவையில் புகழோடு இருந்ததும் அப்போதுதான். இப்னு ஃபிர்னாஸை நாம் இன்று விஞ்ஞானி என்கிறோம். அன்றைய குர்துபாவில் அவர் முதலில் கவிஞர். அரபு யாப்பிலக்கணத்தை முறைப்படுத்திய பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மதின் நூல் அந்தலுஸுக்கு வந்தபோது அது யாருக்கும் பிடிபடவில்லை. உட்கார்ந்து படித்து அதை விளங்கவைத்தவர் இவர் என்று வரலாறு சொல்கிறது. புரியாத ஒன்றை அப்படியே விட்டுவிட அவரால் முடிந்ததில்லை போலும்.

கவிதையோடு அவர் நிற்கவில்லை. கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையை அந்தலுஸில் முதலில் கொண்டுவந்தவர் அவர் என்று குறிப்பிடுகிறார்கள். வானக் கோள்களின் நகர்வைக் காட்டும் வளையக் கருவி ஒன்றைச் செய்தார். தம் வீட்டிலேயே ஓர் அறையில் வானத்தை அமைத்தார். உள்ளே நுழைந்தவர்கள் நட்சத்திரங்களையும் மேகங்களையும் பார்த்தார்கள்; மின்னலும் இடியும் உண்டாகும்படி அவர் செய்திருந்தார்.

அவர் செய்தவற்றில் நமக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுவது அமீர் முஹம்மதுக்காகச் செய்த கடிகாரம்தான். மேகம் மூடிய பகலில் சூரியன் தெரியாது. இரவில் நட்சத்திரமும் தெரியாது. அப்போது தொழுகை நேரத்தை எப்படி அறிவது? அதற்காகவே அந்தக் கருவியை அவர் உருவாக்கினார். இன்று பள்ளிவாசல் சுவரில் தொங்கும் மின்னணுப் பலகையைப் பார்த்து வக்து ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளும் நாம், அந்தத் தேவைக்காக ஒரு மனிதர் எவ்வளவு யோசித்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தனையும் செய்த மனிதரை ஊர் சும்மா விடவில்லை. சூனியம் செய்கிறார், மார்க்கத்தை விட்டு விலகிப் போகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். விவகாரம் காழியின் முன் போனது. விசாரணையில் குற்றம் நிரூபணமாகவில்லை; அவர் விடுவிக்கப்பட்டார். குற்றம் சாட்டியதும் முஸ்லிம்கள்தாம், நீதி வழங்கியதும் முஸ்லிம்கள்தாம். பெருமைப் பட்டியல் போடும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி அந்தப் பறத்தலுக்கு வருவோம். 875-ஆம் ஆண்டளவில் நடந்தது என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் அவருக்கு வயது அறுபத்தைந்தை ஒட்டி. நம் வீடுகளில் அந்த வயதுப் பெரியவரை மாடிப்படி ஏறவே விடமாட்டோம். அவரோ உடல் முழுவதும் இறகுகளைப் போர்த்திக்கொண்டு, இரண்டு இறக்கைகளைச் செய்து மாட்டிக்கொண்டு, உயரமான இடத்திலிருந்து காற்றில் இறங்கினார். கணிசமான தூரம் போனார் என்று நூல் சொல்கிறது. இறங்கும்போது அடிபட்டது. முதுகின் கீழ்ப்பகுதியில் பலமான காயம். பறவை தரையிறங்குவது வாலின் அடிப்பகுதியைக் கொண்டு என்பதை அவர் அறியவில்லை, தமக்கு வால் செய்துகொள்ளவும் இல்லை என்று அந்த வரலாற்றாசிரியர் காரணமும் சொல்லிவிடுகிறார்.

இதை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் திலிம்ஸானைச் சேர்ந்த அல்மக்கரி. 1632-இல் கெய்ரோவில் இறந்தவர். அதாவது சம்பவத்துக்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் பிந்தியவர். பழைய அந்தலுஸ் நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்தவர். அவ்வளவு தாமதமான நூலை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. இப்னு ஃபிர்னாஸின் காலத்திலேயே குர்துபாவில் வாழ்ந்த கவிஞர் முஃமின் இப்னு ஸயீதுக்கு இவரைக் கண்டால் ஆகாது. வீட்டில் செய்த வானத்தைக் கேலி செய்து பாடினார். கழுகின் இறகுகளை உடலில் அணிந்துகொண்டு பறக்கப் போனதையும் கேலி செய்து பாடினார். அந்தக் கேலிப் பாடல்தான் இன்று நம் கையில் இருக்கும் மிக வலுவான சாட்சி. புகழ்ந்து பாடியவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஏளனம் செய்தவர் நடக்காத ஒன்றை வைத்து ஏளனம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

அவர் எதைச் சரியாகச் செய்தார், எதைத் தவறவிட்டார் என்று புரிய வேண்டுமானால் பறவையைப் பார்க்க வேண்டும். சூரா அல்முல்க்கின் 19-ஆம் வசனம் நம்மைப் பார்க்கச் சொல்வதும் தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைத்தான். இரவுதோறும் அந்த சூராவை ஓதுகிறவர்கள் நம்மில் பலர். பகலில் ஒருநாளாவது அண்ணாந்து பார்த்திருக்கிறோமா?

பறவையின் இறக்கை தட்டையான பலகை அல்ல. மேற்புறம் சற்றே வளைந்து, முன்விளிம்பு தடித்து, பின்விளிம்பு மெலிந்து இருக்கும். அது காற்றைக் கிழித்து முன்னே செல்லும்போது, மேலேயும் கீழேயும் ஓடும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைவதும் இதன் இன்னொரு முகம்தான். ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைச் சற்றே சாய்த்து நீட்டினால் கை தானாக மேலே எழும்புமே, அதே விசை. இதற்கு முன்னே செல்லும் வேகம் வேண்டும். கழுகு வெயிலில் சூடாகி எழும் காற்றின் மேல் ஏறி உயரம் பெறுகிறது. பிறகு அந்த உயரத்தைச் செலவழித்து வேகத்தைப் பெறுகிறது. புறாவும் காக்கையும் இறக்கையை அடித்து வேகத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. கீழ்நோக்கி அடிக்கும்போது இறக்கை நுனியில் உள்ள நீண்ட இறகுகள் சற்றே முறுக்கிக்கொண்டு காற்றைப் பின்னால் தள்ளுகின்றன. அதில் பறவை முன்னே போகிறது.

அந்த அடிக்குத் தேவையான பலம் எங்கிருந்து வருகிறது? கோழிக்கறி வாங்கும் நாம் எல்லோரும் அதைக் கையால் தொட்டிருக்கிறோம். நெஞ்சின் நடுவே படகின் அடிப்பகுதி போல எழும்பி நிற்கும் எலும்பும், அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் பெரிய தசையும்தான். நன்றாகப் பறக்கும் பறவைகள் பலவற்றில் நெஞ்சுத் தசைகள் மட்டுமே உடல் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். இறக்கையைக் கீழே இழுக்கும் தசை மட்டுமல்ல, மேலே தூக்கும் தசையும் நெஞ்சில்தான் இருக்கிறது. அதன் நரம்பு போன்ற முனை தோள் எலும்பின் வழியாக, கிணற்று ராட்டினத்தில் கயிறு போவதைப் போல, மேலே ஏறி இறக்கையைத் தூக்குகிறது. இதனால் எடை முழுவதும் கீழே, நடுவில் நிற்கிறது. பறவை குப்புறக் கவிழ்வதில்லை. பல எலும்புகள் உள்ளே காற்றோடு கூடாக இருக்கின்றன. நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருப்பதால் மூச்சை வெளியே விடும்போதும் புதிய காற்று நுரையீரலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இந்தப் பாடத்தைக் கடப்பது கடினம்.

மனிதனிடம் இவற்றில் எதுவும் இல்லை. நம் பலம் கால்களில் இருக்கிறது. இறக்கையை அடிப்பதற்கு மனிதனின் தசைகள் போதாது என்பதை இத்தாலியின் பொரெல்லி தம் நூலில் எழுதினார்; அது 1680-இல் அவர் மறைவை ஒட்டித்தான் வெளிவந்தது. எடையும் எதிராக நிற்கிறது. ஓர் உடலை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். அதனால்தான் பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவையும் 20 கிலோவை ஒட்டியே நின்றுவிடுகின்றன. நூறு கிலோவைத் தாண்டும் நெருப்புக்கோழி தரையில் ஓடுகிறது. இன்று மலையிலிருந்து மனிதர்கள் தொங்கிக்கொண்டு பறக்கும் சறுக்கு இறக்கைகளின் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். ஒரு பெரிய கழுகின் இரண்டு இறக்கைகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான்.

ஆகவே இப்னு ஃபிர்னாஸ் காக்கையைப் போலப் பறக்கவில்லை. கழுகைப் போலச் சறுக்கினார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்வது. இறக்கை என்றால் என்ன என்பதை அவர் விளங்கியிருந்தார். இல்லாவிட்டால் குதித்த இடத்திலேயே விழுந்திருப்பார். கணிசமான தூரம் போனார் என்று எழுத எவருக்கும் தோன்றியிருக்காது.

சிக்கல் இறங்குவதில் இருந்தது. பறப்பதற்கு வேகம் வேண்டும் என்றோம். அதே வேகத்தோடு தரையைத் தொட்டால் எலும்பு நொறுங்கும். மெதுவாகப் போனாலோ இறக்கையின் தாங்கும் விசை போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளிக்குள் நுழைந்து இறங்க வேண்டும். பள்ளிவாசல் மினாராவில் ஒரு புறா வந்து உட்காருவதைக் கவனித்துப் பாருங்கள். கடைசி நொடிகளில் அது உடலை நிமிர்த்துகிறது. இறக்கைகளை அகல விரித்துக் காற்றுக்கு எதிரே கொடுக்கிறது. வாலை விசிறி போல விரித்துக் கீழே வளைக்கிறது. இறக்கையின் மடிப்பில் கட்டைவிரல் போன்ற இடத்தில் இருக்கும் சிறு இறகுக் கொத்து தனியே எழும்பி, காற்று இறக்கையை விட்டுப் பிய்ந்துபோகாமல் பிடித்து வைக்கிறது. கால்கள் முன்னே நீள்கின்றன. வேகம் முழுவதும் கரைந்த கணத்தில் பாதம் சுவரைத் தொடுகிறது.

பறவை உண்மையில் வாலின் மேல் உட்காருவதில்லை. அல்மக்கரியின் நூலில் வரும் சொல்லை அப்படிப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். வால் இல்லாமல் தரையிறங்க முடியாது என்பதும் முழுச் சரியல்ல. பூனையின் வாயிலிருந்து தப்பித்து வாலை இழந்த காக்கை தடுமாறித் தடுமாறியாவது பறந்துகொண்டும் இறங்கிக்கொண்டும்தான் இருக்கும். ஆனால் அதன் இறக்கையில் ஒவ்வொரு இறகையும் ஆட்டிச் சமாளிக்கும் தசையும் நரம்பும் உண்டு. துணியும் சட்டமும் இறகும் வைத்துக் கட்டிய இறக்கைக்கு அது கிடையாது. அப்படிப்பட்ட இறக்கைக்கு, மூக்கைத் தூக்கவும் வேகத்தைக் குறைக்கவும் பின்னால் ஒரு வால் இருப்பது பெரிதும் உதவும். இன்று நாம் ஏறும் ஒவ்வொரு பயணிகள் விமானத்தின் பின்னாலும் அந்த வால் இருக்கிறது. காரணத்தை அந்தப் பழைய நூல் சரியாகவே பிடித்திருக்கிறது.

இதே பாடத்தை வேறொருவரும் தனியே கற்றார். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மாம்ஸ்பரி மடத்துத் துறவி எய்ல்மர் இறக்கை கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்தார். சுமார் 200 மீட்டர் போனார், இரண்டு கால்களும் முறிந்தன. வால் வைக்காததுதான் தவறு என்று அவரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நம் மத்ரஸாக்களில் பெயர் தெரிந்த ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். ஸிஹாஹ் என்ற புகழ்பெற்ற அரபு அகராதியைத் தொகுத்த அல்ஜவ்ஹரி, 1000-ஆம் ஆண்டை ஒட்டி நைஸாபூரில் மரப்பலகைகளை இறக்கையாகக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலின் கூரையிலிருந்து குதித்து உயிரிழந்தார். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் நாரைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1889-இல் நூல் எழுதி, ஏறத்தாழ இரண்டாயிரம் முறை சறுக்கிப் பறந்தவர். அவருடைய கருவியில் வாலும் இருந்தது. ஆயினும் 1896-இல், நடுவானில் இறக்கை தாங்கும் விசையை இழந்து விழுந்துதான் இறந்தார். இவர்களுக்கும் முன்பே சீனாவில் 6-ஆம் நூற்றாண்டில் கைதிகளைக் காற்றாடியில் கட்டிக் கோபுரத்திலிருந்து தள்ளிவிட்ட செய்தி உண்டு. ஆகவே உலகிலேயே முதலாமவர் என்ற பட்டத்துக்காக நாம் வாதாட வேண்டியதில்லை.

852-ஆம் ஆண்டில் அர்மன் ஃபிர்மன் என்பவர் பெரிய அங்கியை விரித்துக் குதித்தார், அதைக் கண்டுதான் இப்னு ஃபிர்னாஸுக்கு ஆசை வந்தது என்றொரு கதையும் சுற்றுகிறது. அந்தப் பெயரே இப்னு ஃபிர்னாஸின் பெயர் ஐரோப்பிய மொழிகளில் சிதைந்து வந்த வடிவமாகத் தெரிகிறது. ஒரே மனிதரை இருவராக்கிவிட்டார்கள். நம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகளில் இது ஏற்கெனவே நுழைந்துவிட்டது. அடுத்த முறை எழுதித் தரும்போது நீக்கிவிடலாம்.

பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதைகள் பல. பாக்தாத் விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் இறக்கை விரித்த சிலை நிற்கிறது. நிலவில் 89 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்துக்கு 1976-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. குர்துபாவில் அவர் வாழ்ந்த அதே ஆற்றின் குறுக்கே 2011-இல் திறக்கப்பட்ட பாலமும் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தலுஸின் ஹகீம் என்று அவரை அழைத்தவர்களும் உண்டு.

விழுந்த பிறகும் அவர் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடிருந்தார். வாலைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றதாகச் செய்தி இல்லை. எழுபது வயதை நெருங்கியவருக்கு இடுப்பில் பட்ட அடி அதற்கு இடம் கொடுத்திருக்காது. அவருக்குப் பின்னால் அந்த இறக்கைகளை எடுத்து, வால் ஒன்றைத் தைத்து, சிறு குன்றிலிருந்து மெல்லச் சறுக்கிப் பார்க்க குர்துபாவில் எவரும் முன்வந்ததாகவும் தெரியவில்லை. தவறு என்ன என்பது எழுதிவைக்கப்பட்டிருந்தது. நூல்களைப் பிரதி எடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வரியையும் சேர்த்தே பிரதி எடுத்தார்கள். ஹிஜ்ரி 274-இல், கி.பி. 887-இல், அவர் வஃபாத் ஆனார்.